கல் அங்கேயே கிடப்பதற்கு என்ன விலை?

போன டிசம்பரில் குடும்பத்தோடு ராஜஸ்தான் போயிருந்தோம். ஜைசல்மேர் கோட்டைக்குள் ஒரு சின்னக் கடையில் சித்தி கல்லில் குடைந்த கிண்ணம் ஒன்றை வாங்கினார். மஞ்சளும் காவியும் கலந்த நிறம், வழவழவென்று மெருகு. "ராத்திரி இதில் பாலை ஊற்றி வையுங்கள், உறை ஊற்றாமலே காலையில் தயிர் தயார்" என்றார் கடைக்காரர். ஹாபூர் என்ற ஊரில் கிடைக்கும் கல்லாம். அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

தெம்பனிஸ் வீட்டுக்கு வந்த மறுநாளே சோதனை நடந்தது. காய்ச்சி ஆறிய பாலில் பாதியைக் கிண்ணத்திலும் மீதியை எவர்சில்வர் டம்ளரிலும் ஊற்றி, சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். காலையில் இரண்டுமே திரிந்துபோயிருந்தன. சிங்கப்பூர் சூட்டில் பாலை விடிய விடிய வெளியே வைத்தால் அதற்கு எந்தக் கல்லின் உதவியும் வேண்டாம். சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. "கிண்ணத்துல இருந்ததுல தயிர் வாசனை வந்துச்சு, நீ சும்மா இருடா" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

என்னை உறுத்தியது வேறு விஷயம். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது, அடிப்பக்கத்தில் அரிசி மணி அளவில் பிறையாகவும் வளையமாகவும் சில வடிவங்கள் கண்ணில் பட்டன. கிளிஞ்சல்கள். ஹாபூர் கல் என்பது ஒரு பழைய கடலின் தரை. சுமார் 11, 12 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட் என்ற சுருள்கூட்டு உயிரினங்கள் நீந்திய கடல் அது. அந்தத் தரையைப் பாளம் பாளமாக வெட்டிக் கடைந்து, தயிர்க் கிண்ணம் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். வாங்கி வந்தவர்கள் நாங்கள்.

பாலைவனத்துக் கல்லுக்கு ஏற்கெனவே பல விலைகள் இருக்கின்றன. வீடு கட்ட ஒரு விலை, சிமெண்டுக்கு ஒரு விலை. ஜைசல்மேர் மாவட்டத்தின் சானு பகுதிச் சுண்ணாம்புக்கல் இரும்பாலைகளுக்குப் போகிறது, அதற்கு ஒரு விலை. தயிர்க் கிண்ணத்துக்கும் ஒரு விலை. எடுக்காமல், உடைக்காமல், கிடந்த இடத்திலேயே கல்லை விட்டுவைத்தால் அதற்கு யார் பணம் தருவார்கள்? நிலவியல் மரபு, நிலவியல் சுற்றுலா, ஜியோபார்க் என்ற நிலவியல் பூங்கா என்று இன்றைக்கு அடிபடும் பேச்சுகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த ஒரே கேள்விதான். மற்றதெல்லாம் நிர்வாக விவரம்.

பாலைவனம் என்றதும் நமக்கு மணல்தான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழ் மரபு கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தது. ஐந்து திணைகளில் பாலைக்கு மட்டும் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு தன் இயல்பை இழந்தால் அதுதான் பாலை. நிலவியலாளர்கள் தார் பாலைவனத்தைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. ஜோத்பூர்ப் பக்கம் சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறை இருக்கிறது. ஜைசல்மேருக்கு அருகே 18 கோடி ஆண்டுப் பழமையான காட்டின் மிச்சம் இருக்கிறது. அதற்கு மேலே டைனோசர் நடமாடிய கடலோரம், பிறகு அம்மோனைட் கடல், அதற்கும் பிறகு இன்னொரு கடல். நாம் ஒட்டகத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் மணல், இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்த விருந்தாளி.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணமே வறட்சிதான். மண் மூடவில்லை, மரம் மறைக்கவில்லை. சிங்கப்பூரில் நிலைமை நேர் எதிர். புக்கிட் தீமா கருங்கல்லும் 20 கோடி ஆண்டுகளைத் தாண்டியதுதான். ஆனால் மழையிலும் சூட்டிலும் பல மீட்டர் ஆழத்துக்கு இற்றுப்போய், மேலே காடும் அதற்கு மேலே கான்கிரீட்டுமாக மூடிக் கிடக்கிறது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்குத் துளைக்குழாய் வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எம்ஆர்டி சுரங்கம் தோண்ட வேண்டும். ஜைசல்மேரில் கண் இருந்தால் போதும்.

கண் இருந்தால் மட்டும் போதாது என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. எங்கள் பயணத் திட்டத்தில் கோட்டை, ஒட்டகம், கூடாரத்தில் ராத்திரி நடனம், இவ்வளவுதான் இருந்தன. ஆகல் கல்மரப் பூங்கா ஊரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர்தான். வண்டியை நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. "அங்கே ஒன்றுமில்லை சார், நாலு கல்லு கிடக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வெட்டவெளியில் ஒரு மேடு. ஆங்காங்கே இரும்புக் கம்பிக் கூண்டு, மேலே தகரக் கூரை. முதல் கூண்டை எட்டிப் பார்த்தால் மிருகக்காட்சிசாலையில் தூங்கும் பிராணி மாதிரி ஒரு மரம் படுத்திருக்கிறது. பட்டையின் வரிகள் தெரிகின்றன, கிளை ஒடிந்த இடத்தில் கணு முண்டும் தெரிகிறது. கம்பிக்குள் விரலை விட்டுத் தொட்டால் காலைக் குளிரில் சில்லென்று இருக்கிறது. அது முழுக்கக் கல். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நார்களுக்குள் அணு அணுவாகப் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மரம் போய்விட்டது, மரத்தின் உருவம் மட்டும் தங்கிவிட்டது. எந்த மரமும் நின்றுகொண்டிருக்கவில்லை. வெள்ளம் அடித்துவந்து போட்டதைப் போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் கிடக்கிறது. மிக நீளமானது 13 மீட்டருக்குச் சற்று மேல், நம் ஊர் ஈரடுக்குப் பேருந்தைவிட நீளம். பூக்கும் செடிகள் பெருகுவதற்கு வெகு முன்னால் வளர்ந்தவை இவை. இதே அடுக்கைச் சேர்ந்த லாட்டி மணற்கல்தான் ஜைசல்மேர் வட்டாரத்துக்கு இன்றும் நிலத்தடி நீர் தருகிறது. அதனால் அந்தக் காட்டுக்கும் ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீருக்கும் உறவு உண்டு. அதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

கூண்டுக்கு வெளியே நடக்கும்போது காலடியில் நறநறவென்றது. குனிந்து பார்த்தால் பழுப்பு நிறச் சில்லுகள், நார் நாராக வரி ஓடியவை. எல்லாம் கல்மரத் துண்டுகள்தான். எங்களுக்கு முன்னால் போன ஒரு பையன் இரண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டான். தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்துகூட வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே இந்தியில் ஒரு சத்தம் போட்டார். பையன் கீழே போட்டுவிட்டான். ஆனால் போட்டது எடுத்த இடத்தில் இல்லை, பத்தடி தள்ளி. நிலவியலில் அந்தப் பத்தடியும் கணக்கில் வரும். ஒரு துண்டு எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது பாதித் தகவல். இடம் மாறினால் அது வெறும் அழகான கல்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூங்காவுக்குள் போக எங்களுக்கு ஆன செலவு, இங்கே ஒரு தே தாரிக் குடிக்கும் காசுகூட இல்லை. மணல்மேட்டுக்குப் பக்கத்துக் கூடார விடுதியில் நான்கு பேருக்கு ஒரு இரவு முந்நூறு வெள்ளிக்கு மேல். மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கிக் குலுக்குவதற்குத் தனிக் காசு. 18 கோடி ஆண்டுக் காட்டைக் காட்டுவதைவிட மணலில் ஜீப் ஓட்டுவதில் ஓட்டுநருக்கும் ஊருக்கும் பல மடங்கு வருமானம். இந்த நிலையில் அவர் "ஒன்றுமில்லை சார்" என்றதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோட்டையின் கதை இன்னும் சிக்கல். 1156ல் எழுந்த ஜைசல்மேர் கோட்டை, அந்த ஊர் மஞ்சள் கல்லாலேயே கட்டியது. ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளில் ஒன்றாக 2013ல் உலக மரபுச் சின்னமானது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் குன்று ஒரே பாறை இல்லை. மணற்கல்லும் களிமண் கலந்த பலவீனமான அடுக்குகளும் மாறி மாறி வரும் குன்று. மழை அபூர்வமான ஊரில், குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்தில், அதனால் தொல்லை எதுவும் இல்லை. குழாய் வந்தது, கோட்டைக்குள் விடுதிகள் வந்தன, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. கசிந்த தண்ணீர் களிமண்ணில் இறங்கி ஊறியது, சுவர்கள் நகர்ந்தன, கொத்தளங்கள் சரிந்தன. பார்க்க வந்தவர்கள் குளித்த தண்ணீரே பார்க்க வந்த பொருளைக் கரைக்கிறது. நானும் அங்கே இரண்டு நாள் தாராளமாகக் குளித்தவன்தான்.

ஆக, கூண்டு போட்டாலும் சிக்கல், கூட்டம் சேர்த்தாலும் சிக்கல். இரண்டுக்கும் நடுவில் வழி ஏதாவது உண்டா? நான் பார்த்தவரை ஜோத்பூரில் ஒன்று இருக்கிறது.

மெஹ்ரான்கர் கோட்டை நிற்பது எரிமலைப் பாறை மேல். கொதிக்கும் சாம்பல் விழுந்து, தன் சூட்டிலேயே ஒட்டி இறுகி உருவான பாறையும் அங்கே உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறது. கோட்டையை ஒட்டிய சுமார் 70 ஹெக்டேர் பாறைக்காட்டில் 2006ல் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்ற வேலை தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் மரங்களைப் பற்றி எழுதுபவரும் இயற்கை ஆர்வலருமான பிரதீப் கிருஷன். பொதுமக்களுக்குத் திறந்தது 2011ல்.

அவர்களுக்கு வாய்த்த எதிரி நமக்கும் பழக்கமான ஆள்தான், சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜோத்பூரில் 1930களில் மகாராஜா விமானத்திலிருந்து விதை தூவினார் என்று சொல்கிறார்கள். பாறை இடுக்கு ஒவ்வொன்றிலும் அது வேரை இறக்கிவிட்டது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரின் கழுத்துவரை பாறையைக் குடைந்து எடுத்தால்தான் சாகும். ரயோலைட் என்ற அந்த எரிமலைப் பாறையோ இரும்பு மாதிரி. இயந்திரம் வைத்தால் பாறையே நாசம்.

கடைசியில் வழி காட்டியவர்கள் கந்த்வாலியா என்ற சமூகத்தார். தலைமுறை தலைமுறையாக மணற்கல் வெட்டிப் பிழைப்பவர்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே உள்ளே எங்கே விரிசல் ஓடுகிறது, எங்கே கல் இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதைப் போல. அந்த இடத்தில் உளி வைத்தால் போதும். வேரும் வெளியே வந்தது. வேர் போன குழியிலேயே அந்த மண்ணுக்குரிய கள்ளியும் புல்லும் புதரும் நட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது செடி நட்டது இல்லை. கல்லை உடைத்து விற்கத் தெரிந்தவரின் காது, கல்லைக் காப்பாற்றும் வேலைக்கும் விலைபோனது. அந்த அறிவுக்குக் குவாரி முதலாளி கொடுக்கும் கூலி ஒன்று உண்டு. அதே அறிவுக்கு வேறொருவரும் கூலி கொடுக்க முன்வந்தார். நான் போனபோது கூட்டிக்கொண்டு நடந்தவர் உள்ளூர் இளைஞர். பழைய கால்வாய் ஒன்று பாறையை வெட்டிக்கொண்டு போகிறது, அதன் வழியே இறங்கி நடந்தோம். ஒரு திருப்பத்தில் நின்று, கீழே செம்பழுப்பு எரிமலைப் பாறை, மேலே வரி வரியாக மணற்கல் என்று கையால் பிரித்துக் காட்டினார். "இந்தக் கோட்டுக்கு நடுவில் பல கோடி வருஷம் காணாமல் போயிருக்கிறது" என்றார். சித்தி வழக்கமாக நடை என்றாலே முட்டிவலி சொல்பவர். அந்தக் கோட்டில் விரலை வைத்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். கிண்ணம் வாங்கியபோது அவர் முகத்தில் இருந்த ஆர்வத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

சட்டம் என்ன செய்கிறது என்றால், இந்தியாவில் கொஞ்சம்தான். தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற பட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு உண்டு, ஆனால் பட்டத்துக்குப் பின்னால் தனிச் சட்டம் இல்லை. தொல்லியல் சட்டம் மனிதன் செதுக்கியதையும் கட்டியதையும்தான் முதலில் பார்க்கிறது. இயற்கை செதுக்கியது இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் நிலவியல் மரபிடங்களைக் காக்க ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அதிகாரம் எல்லாம் ஒரே துறையின் கையில் குவிகிறது, தனி ஆணையம் வேண்டும் என்று விஞ்ஞானிகள் ஆட்சேபித்தார்கள். வரைவு வந்த வேகத்தில் சட்டம் வரவில்லை. இதற்கிடையே ஜைசல்மேரில் குவாரிகளும் காற்றாலைகளும் சூரிய மின்பலகைப் பண்ணைகளும் பெருகுகின்றன. காற்றாலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அஸ்திவாரம் தோண்டும் முன் ஒரு நிலவியலாளர் எட்டிப் பார்க்கலாமே என்றுதான் கேட்கிறார்கள்.

எட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜைசல்மேருக்கு அருகே ஜெத்வாய் பகுதியில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, 16.7 கோடி ஆண்டுக்கு முந்தைய நெடுங்கழுத்து டைனோசர் ஒன்றை 2023ல் அறிவித்தார்கள். பெயர் தாரோசாரஸ், தார் பாலைவனத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். டைக்ரியோசாரிட் என்ற அந்த வகையில் உலகில் இதுவரை கிடைத்தவற்றில் பழையது அது. 2025 ஆகஸ்டில் மேகா என்ற கிராமத்தில் குளத்தருகே மண் தோண்டிய மக்கள் கண்ணிலேயே எலும்புப் படிவம் ஒன்று பட்டது. முதலை போன்ற ஃபைட்டோசார் என்று நிபுணர்கள் சொன்னார்கள். மண்வெட்டி பிடித்தவர் நிறுத்தாமல் வெட்டியிருந்தால் அதுவும் குளக்கரைக்கு மண்ணாகப் போயிருக்கும்.

மற்ற பாலைவனங்களில் என்ன செய்தார்கள்? எகிப்தின் வாதி அல்-ஹிதானில் மணலுக்கு நடுவே திமிங்கில எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. திமிங்கிலங்களுக்குச் சின்னஞ்சிறு பின்னங்கால்கள் இருந்த காலத்தவை. 2005ல் உலக மரபிடமானது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, குறித்த பாதையில் நடந்துதான் பார்க்க வேண்டும். பாலைவனத்தில் டயர் தடத்தை அழிக்க மழை வராது, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும் என்பதால் இது வெறும் கெடுபிடி இல்லை.

ஆஸ்திரேலியாவின் உலுருவுக்குச் சிங்கப்பூர்க்காரர்கள் நிறையப் போகிறார்கள். 348 மீட்டர் உயர ஒற்றைப் பாறை. அதன் உரிமையாளர்களான அனங்கு மக்கள் ஏற வேண்டாம் என்று பல காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நிலம் அவர்கள் கைக்குத் திரும்பிய 1985 அக்டோபர் 26க்குப் பிறகும் பயணிகள் ஏறினார்கள். கடைசியில் அதே அக்டோபர் 26ல், 2019ஆம் ஆண்டு, ஏறுவது மூடப்பட்டது. அதைவிட எனக்குச் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. அங்கிருந்து கல் பொறுக்கிப்போனவர்கள் பல ஆண்டு கழித்து, "மன்னித்துவிடுங்கள்" என்று கடிதம் வைத்துத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். மன்னிப்புக் கற்கள் என்றே அதற்குப் பெயர். அமெரிக்காவின் அரிசோனா கல்மரக் காட்டிலும் இதே கதைதான், திரும்பி வந்த துண்டுகள் குவியலாகவே கிடக்கின்றன. எங்கிருந்து எடுத்தது என்று தெரியாததால் பழைய இடத்தில் வைக்கவும் முடியாது. ஆகலில் அந்தப் பையன் பத்தடி தள்ளிப் போட்டதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குவியல்தான் நினைவுக்கு வந்தது.

யுனெஸ்கோவின் ஜியோபார்க் திட்டம் இந்த எல்லா அனுபவத்தையும் சேர்த்து ஒரு சட்டகம் போட்டிருக்கிறது. 2025 கணக்குப்படி 50 நாடுகளில் 229 இடங்கள். சீனாவின் அல்ஷா பாலைவனம் 2009லேயே சேர்ந்துவிட்டது, சவூதியிலிருந்து இரண்டு இடங்கள் 2025ல் சேர்ந்தன. இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லை. உலக மரபிடம் என்றால் இது உலகத்திலேயே ஒப்பற்றது என்று நிரூபிக்க வேண்டும். ஜியோபார்க்குக்கு உலக அளவில் முக்கியமான நிலவியல் இருந்தால் போதும், ஆனால் அங்கே வாழ்கிறவர்களுக்கு இதனால் என்ன பிழைப்பு என்பதையும் கேட்பார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு உண்டு. சுமத்ராவின் தோபா ஏரிக்கு 2023ல் மஞ்சள் அட்டை காட்டினார்கள், வேலையைச் சரிசெய்த பிறகு 2025ல் பச்சை கிடைத்தது. நாம் வார இறுதிக்குப் பறந்துபோகும் லங்காவி 2007லிருந்தே ஜியோபார்க், தென்கிழக்காசியாவின் முதலாவது. கழுகுச் சிலையோடு படம் எடுத்துத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்?

அந்தச் சட்டகத்தில் ஒரு விதி என் வீட்டுச் சமையல் மேடைவரை வருகிறது. ஜியோபார்க் நிர்வாகம் புதைபடிவமோ கனிமமோ மெருகேற்றிய அலங்காரக் கல்லோ விற்கும் வியாபாரத்தில் நேரடியாக இறங்கக் கூடாது, அந்தக் கல் எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் சரி. ஹாபூர் நாளைக்கு ஒரு ஜியோபார்க்கில் வந்தால் அதன் நிர்வாகம் தயிர்க் கிண்ணத்தை விற்க முடியாது. கடைந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு வேறு வருமானம் காட்டாமல் அந்த விதியை மட்டும் கொண்டுவந்தால், கிண்ணம் பின்வாசல் வழியாக விற்கும், அவ்வளவுதான். வழிகாட்டி வேலையோ, விருந்தினர் வீடோ, அதே கிண்ணத்தைச் சாதாரண மணற்கல்லில் செய்வதோ, ஏதோ ஒன்று முதலில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்தியாவுக்குப் பாடம் எடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். கல் விஷயத்தில் நம் கணக்கும் சுத்தம் இல்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் அளவுக்கு ஒரு மணற்பாறை நின்றது, இன்றுவரை முழுதாகப் படிக்க முடியாத எழுத்துகளோடு. 1843ல் ஆற்றுவாயை அகலப்படுத்த அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தப்பிய சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒன்று திரும்பி வந்து இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஆளுநர் மாளிகை மூலையில் கிடந்த ஒரு பெரிய துண்டை, சாலை போடக் கல் தேடிய கைதிகள் உடைத்துவிட்டார்கள் என்று அக்காலத்து வணிகர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் காலக் கைதிகளில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். நம்மவர் கையும் அதில் பட்டிருக்கலாம். ஐந்தே ஆண்டில், 1848ல், கெப்பல் துறைமுக வாயிலில் கப்பல்காரர்களுக்கு அடையாளமாக நின்ற லாங் யா மென் பாறையையும் தகர்த்தார்கள். 2005ல் லாப்ரடார் பக்கம் அதன் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். இடித்தது கப்பல் போக, மறுபடி கட்டியது பயணிகள் பார்க்க. இரண்டு முறையும் பொருளாதாரம்தான் காரணம்.

மணலும் அப்படித்தான். 1960களில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது, சேர்ந்த நிலத்தில் கணிசமான பகுதி பிற நாட்டு மணலால். 2007ல் இந்தோனேசியா நில மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கட்டுமானத் துறை தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும். பாலைவனத்தில் கொட்டிக் கிடக்கிறதே, அதை வாங்கக் கூடாதா என்று அப்போது காப்பிக்கடையில் கேட்டவர்கள் உண்டு. காற்றில் உருண்டு உருண்டு பாலைவன மணல் மிக நுண்ணியதாக, உருண்டையாகிவிடுகிறது, கான்கிரீட்டில் பிடிப்புக் கொடுக்காது. மணல்மேடுகள் தப்பித்ததற்கு முக்கியக் காரணம் யாருடைய அக்கறையும் இல்லை, அவை கட்டுமானத்துக்கு உதவாததுதான்.

அதற்காக இங்கே பார்க்க எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தமில்லை. புக்கிட் பாத்தோக்கின் குட்டி குய்லின் குளம், உபின் தீவின் நீர் நிறைந்த பள்ளங்கள் எல்லாமே பழைய குவாரிகள். வெட்டி முடித்த காயம்தான் இன்று நமக்குப் பாறை தெரியும் ஜன்னல்.

சென்னைக்கு அடிக்கடி பறப்பவர்களுக்கு ஒரு விஷயம். விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் பரங்கிமலையும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்தான். அந்த மலையின் பாறை சார்னோக்கைட் என்ற வகை. அதற்கு அந்தப் பெயர் வந்தது கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லால், அந்தக் கல் போனது பல்லாவரம் பக்கமிருந்து. நாம் அதைப் பார்த்தபடியே இறங்கி, டாக்சிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு போய்விடுகிறோம்.

என் தாத்தா ஊர் உடன்குடிப் பக்கம். அங்கே தமிழ்நாட்டுக்கென்று ஒரு பாலை உண்டு, தேரிக்காடு. குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கம் செக்கச் செவேலென்ற மணல்மேடுகள். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு, அந்தச் சிவப்பு அதனால்தான். உண்மையான பாலைவனம் என்று சொல்ல முடியாது, மழையும் உண்டு, பனையும் உண்டு. ஆனால் அந்த மணலில் பழங்கால மனிதர்களின் விரல்நகம் அளவுக் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. தேரி என்ற நம் சொல்லே தொல்லியல் உலகத்தில் அவற்றுக்குப் பெயராகிவிட்டது. விசாகப்பட்டினத்தின் செம்மணல் மேடுகளான எர்ர மட்டி திப்பலு தேசிய நிலவியல் மரபிடமாகி, 2025ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலுக்கும் போய்விட்டது. அதே ஆண்டு அனுப்பிய ஏழு இயற்கை இடங்களில் தேரி இல்லை. சினிமாக்காரர்கள் மட்டும் பாலைவனக் காட்சி வேண்டும் என்றால் தவறாமல் வருகிறார்கள்.

ஜூன் விடுமுறையில் அங்கே போகலாமா என்று போன வாரம் சித்தியிடம் பேச்சைத் தொடங்கினேன். அவர் அப்போது ஜன்னலோரம் நின்று, கைப்பேசி வெளிச்சத்தை அந்தக் கிண்ணத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தார். இப்போது அது சாவிக்கொத்து போடும் கிண்ணம்.

"இது நத்தை மாதிரி இருக்கேடா, சுருட்டிக்கிட்டு."

"ஆமா சித்தி, அந்தக் காலத்துக் கடல் பிராணி."

கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அந்தத் தேரிக்காட்டுல வாங்கிட்டு வர என்ன கிடைக்கும்?" என்றார்.

"கருப்பட்டி."

"சரி, டிக்கெட் பாரு."